வாசலோட பேசி அனுப்புறது

சென்னையில் எந்த ஃப்ளாட் விளம்பரத்தை எடுத்தாலும் ஒரு 'பிரம்மாண்ட நுழைவாயில்' இருக்கும். இரண்டு தூண், நடுவில் நீரூற்று, தூண் மேல் குதிரை. (குதிரை எதற்கு என்று கேட்டால் சேல்ஸ் பையன் சிரிக்கிறான்.) குடிபோன பிறகு அங்கே இருப்பது வெறும் கேட். ஒரு செக்யூரிட்டி, ஒரு நோட்டு, நூலில் கட்டின பேனா. வாசல் மட்டும் கிடையாது.

வாசல் என்றால் கதவு இல்லை என்பது என் கட்சி. 'அப்பா வாசல்ல உக்காந்திருக்கார்' என்றால் நிலைப்படிக்கு நடுவிலா உட்கார்ந்திருக்கிறார்? வாசல் தெளிக்கிறோம், கூட்டுகிறோம், கோலம் போடுகிறோம். பாதி வீட்டுக்குச் சொந்தம், பாதி தெருவுக்குச் சொந்தம். இலக்கணப்போலிக்குத் தமிழய்யா போர்டில் எழுதிப் போட்டது ஞாபகம் இருக்கும்: இல்வாய் முன்பின்னாக மாறி வாயில், இல்முன் மாறி முன்றில். பேச்சில் இரண்டையும் 'வாசல்' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். சொத்து பத்து பேசும்போதும் 'வீடு வாசல்' என்றுதான் வருகிறது. வீடு கதவு என்று யார் சொன்னார்கள்?

அந்த இடத்தில் யாரை எவ்வளவு நேரம் நிற்க வைக்கிறோம் என்பதில்தான் மரியாதையே இருக்கிறது. 'வாசலோட பேசி அனுப்பிட்டாங்க' என்ற ஒரே காரணத்துக்காக வருஷக்கணக்காகப் பேசிக்கொள்ளாத சம்பந்திகள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. கோபம் முற்றினால் 'இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்'. வேலைக்கோ கடனுக்கோ அலைந்தவர் 'எத்தனை வாசல் ஏறி இறங்கினேன் தெரியுமா' என்பார். மோட்சத்தைக்கூட நாம் விடவில்லை. வைகுண்ட ஏகாதசி விடியற்காலையில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பரமபத வாசல் திறக்கக் காத்திருக்கிற கூட்டத்தைப் பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால் வாயில் ஒரு ஆளாகவே ஆகிவிடுகிறது. சங்கப் பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவில் தூது போகிறவர்களுக்கு 'வாயில்கள்' என்று பெயர். தோழி, பாணன், விறலி, விருந்தினர் என்று தொல்காப்பியம் 12 பேரைச் சொல்கிறது. பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருகிற தலைவன் பாணனை முன்னால் அனுப்ப, தலைவி முடியாது என்று திருப்பி அனுப்பினால் அதற்கு 'வாயில் மறுத்தல்' என்று தனித் துறையே இருக்கிறது. 'அவர் வாயிலாகத் தெரிய வந்தது' என்று இன்றைக்கும் பேப்பரில் எழுதுகிறார்களே, அந்த வாயிலும் இதுதான்.

நம்ம ஊருக்கு வருவோம். யானைகவுனியில் கவுனி என்றால் கோட்டை மதிலின் வாசல். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் பட்டணத்தைப் பிடித்தார்கள், 1758-ல் திரும்பவும் முற்றுகை போட்டார்கள். அந்தப் பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கறுப்பர் நகரத்தை (இன்றைய ஜார்ஜ் டவுன்) சுற்றி மதில் எழுப்பினார்கள். மதில் செலவுக்கு மக்களிடம் வரி போடலாம் என்று கிளம்பின பேச்சில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. அந்த மதிலில் மாடிப் பூங்கா பக்கம் ஒரு துண்டு மிச்சம் இருக்கிறது. யானையும் இல்லை, கவுனியும் இல்லை, ஆனால் ஆட்டோக்காரரிடம் 'யானகவுனி' என்றால் போதும்.

இப்போது நாமே காசு கொடுத்து மதிலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் அபார்ட்மெண்டில் டெலிவரி பசங்களுக்குத் தனி லிஃப்ட். அது பாதி நாள் ஓடாது, பிரியாணி படியேறித்தான் வரும். போன மே மாதம் ஒரு மத்தியானம், ஹெல்மெட்டைக் கழற்றாமல் கேட்டுக்கு வெளியே ஒரு தம்பி நின்றான். வேர்வை தாடையில் சொட்டுகிறது. 'அண்ணா, கொஞ்சம் தண்ணி' என்று கேட்டதற்குச் செக்யூரிட்டி என்னைத்தான் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். டெலிவரி வேலை இல்லாமல் கேட்டுக்குள் யாரையும் விடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு போட்டது நாங்கள்.

பாதுகாப்பு வேண்டும், மறுக்கவில்லை. பேர், போன் நம்பர் எழுதி வாங்குங்கள். ஆனால் மயிலாப்பூர் பழைய வீடுகளில் திண்ணை வைத்தவனுக்கும் திருட்டுப் பயம் இருந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு திண்ணையை வெளியே விட்டு வைத்தான். கேட் பக்கத்தில் நிழலாக ஒரு பெஞ்சும் தண்ணீர்ப் பானையும் வைக்கலாமே என்று அசோசியேஷன் மீட்டிங்கில் கேட்டேன். 'உக்கார வெச்சா கூட்டம் சேரும் சார்' என்றார் செயலாளர்.

அடுத்த மீட்டிங்கிலும் கேட்கப் போகிறேன். பெரும்பாக்கம், நாவலூர் பக்கம் எந்த அபார்ட்மெண்டிலாவது இப்படி வைத்திருந்தால் ஒரு போட்டோவும், என்ன செலவானது என்றும் கீழே போடுங்கள். கையில் கணக்கோடு போனால்தான் அவர் காது கொடுப்பார்.