பத்து ரூபாவுக்கு ஒரு இலட்சம்

திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கம் கடை வைத்திருக்கும் அந்த அக்காவுக்கு விழுந்த தண்டத்தைப் பற்றி இரண்டு நாளாக எல்லோரும் எழுதுகிறீர்கள். "கொள்ளையடித்தால் கட்டத்தான் வேண்டும்" என்று எழுதியவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரலில் இருந்து வர்த்தமானியில் அரசு போட்ட உச்ச விலை 70 ரூபா. அவர் 80க்கு விற்றார். பிழைதான். ஆனால் அந்தப் பத்து ரூபாவுக்கு ஒரு இலட்சம் தண்டம். பத்தாயிரம் போத்தலில் பத்துப் பத்து ரூபா எடுத்தால்தான் அவ்வளவு காசு சேரும். அவரது பிரிட்ஜில் இருபது போத்தல்கூடக் கொள்ளாது.

நீதவானை நான் குறை சொல்லவில்லை. அவர் நினைத்தாலும் குறைக்க முடியாது. 2021 செப்டம்பரில் திருத்திய நுகர்வோர் சட்டத்தில் தனிநபருக்குக் குறைந்தது ஒரு இலட்சம், கூடியது ஐந்து இலட்சம். அரிசி, சீனிப் பிரச்சினை உச்சத்தில் இருந்த நேரத்தில் வந்த திருத்தம் அது.

"கம்பனிக்கு ஐந்து இலட்சத்தில் இருந்து ஐம்பது இலட்சம் வரை வேறாக இருக்கிறதே" என்பீர்கள். சரி. கம்பனியாகப் பதியாமல், சொந்தப் பெயரில் லொறி லொறியாகச் சாமான் இறக்கும் முதலாளி யார்? அவரும் தனிநபர், தகரக் கொட்டில் அக்காவும் தனிநபர். இரண்டு பேருக்கும் அதே ஒரு இலட்சத்தில்தான் தொடங்குகிறது. இதைத்தான் அநியாயம் என்கிறேன்.

என் அம்மா பாலையூற்றில் கடை வைத்திருந்தவர். விலைப்பட்டியல் தொங்கவில்லை என்று ஒருநாள் வழக்கு எழுதினார்கள். எழுதியது முழுக்கச் சிங்களம். கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இதில என்ன பிள்ளை எழுதியிருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். வியர்வையில் தாள் நனைந்திருந்தது. களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார். அதை நான் மறக்கமாட்டேன்.

"வாங்குபவனுக்கும் பத்து ரூபா காசுதானே?" காசுதான். யார் இல்லை என்றது? முதல்முறை தமிழில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள். திரும்பவும் செய்தால் கடையின் வருமானத்தைப் பார்த்துத் தண்டம் போடுங்கள். விலை மாறினால் ஒருவர் கடை கடையாக வந்து சொல்லட்டும். பிடிக்க வர முடிந்தவர்களுக்குச் சொல்ல வர முடியாதா?

இன்று காலை அந்தப் பக்கம் போனேன். கடை திறந்திருக்கிறது. பிரிட்ஜின் வயரைக் கழற்றிச் சுற்றி மேலே வைத்திருக்கிறார். தண்ணீர் கேட்டேன். "இல்லைத் தம்பி, இனி எடுக்கிறதில்லை" என்றார்.