4 டிகிரி காட்டினாலும் உறைபனி விழும்

பிப்ரவரியில் போன் ஆப் குறைந்தபட்சம் 4 டிகிரி காட்டினால் ஊட்டியில் உறைபனி விழாது, பீன்ஸ் விதையைத் தைரியமாகப் போடலாம் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்கிறேன். தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்பது சரிதான். ஆனால் ஆப்பில் வரும் 4 டிகிரி செடியின் வெப்பநிலை அல்ல. தரையிலிருந்து நாலு முதல் ஆறடி உயரத்தில் இருக்கும் காற்றின் கணக்கு அது. மேகமில்லாமல், காற்றும் அசையாத இரவில் இலையும் புல்லும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழே போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் வந்து தேங்கும். மேட்டுப் பாத்தி தப்பித்து, ஓடைக்கரைப் பாத்தி மட்டும் கருகுவது இதனால்தான்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே மாதிரி இரண்டு தெர்மாமீட்டர் போதும். ஒன்றைத் தாழ்வாரத்தில் நெஞ்சு உயரத்தில் தொங்கவிடுங்கள். இன்னொன்றைப் பாத்தியில், புல் உயரத்தில், மேலே எதுவும் மறைக்காமல் வையுங்கள். (முதலில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள், மலிவானவை அவ்வளவு நம்பகமில்லை.) நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்த இரவுக்கு அப்புறம், சூரியன் வருவதற்குள் இரண்டையும் படியுங்கள். மூட்டமான இரவில் அதே சோதனையைச் செய்தால் வித்தியாசம் வெகுவாகக் குறைந்திருக்கும்.