குதிகால் முள்ளை வெட்டினால்தான் வலி தீரும் என்பது சரியல்ல

"எக்ஸ்ரேயில் முள் தெரிந்தால் ஆபரேஷன்தான், பிசியோதெரபி வீண் செலவு" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இதைப் படித்து யாரும் பயப்பட வேண்டாம். முள் என்பது குதிகால் எலும்பில் வளரும் சிறு நீட்சி. வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அது இருக்கும். பெரும்பாலும் வலிப்பது குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தைத் தாங்கும் தடித்த பட்டை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடி சுரீரென்று குத்தி, பத்தடி நடந்ததும் குறைகிறதா? அதுதான் அடையாளம்.

தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் என் அக்காவுக்கும் இதேதான். பிசியோ சொன்னது: எழுந்ததும் தரையில் கால் வைக்கும் முன், வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கணுக்கால் பக்கம் இழுத்து 10 வரை எண்ண வேண்டும். இப்படி 10 முறை, தினம் மூன்று வேளை. அப்புறம் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் நீட்டல். வீட்டு மொசைக் தரையிலும் மெத்தென்ற செருப்பு. வலி ஒரு வாரத்தில் நிற்காது. அக்காவுக்கு நான்கு மாதம் ஆனது. பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகிவிடும். ஆபரேஷன், பல மாதம் இப்படிச் செய்து பார்த்தும் வலி குறையாதவர்களுக்குத்தான்.

ஆனால் மரத்துப்போதல், வீக்கம், காய்ச்சல், படுத்திருக்கும்போதும் விடாத வலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வலிக்கு ஐஸ் ஒத்தடம் வைக்கவே கூடாது.