கவர் சூடு தராது, உள்ளே இருக்கும் பஞ்சுதான் தரும்

“நுவரெலியா குளிருக்கு 1000 த்ரெட் கவுண்ட் டூவே கவர் வாங்குங்க, அதுதான் சூடு” என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். டூவே என்பது பஞ்சு அடைத்த போர்வை, கவர் அதற்குப் போடும் துணி உறை. அவர் சொன்னது சரியில்லை. த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் நூல்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். இரண்டு இழை முறுக்கிய நூலை இரண்டாக எண்ணி 500ஐ 1000 ஆக்கி விற்பதும் உண்டு. சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் பஞ்சில் அடைபட்ட காற்று. கவர் அழுக்குப் படாமல் காக்கும் உறை மட்டுமே.

6000 அடிக்கு மேலே வாழும் நமக்குக் குளிரை விட ஈரம்தான் பெரிய தலைவலி. நெருக்கமாக நெய்த கனத்த துணி மழை மாதத்தில் லேசில் காயாது, அடுப்படிக் கொடியில் மூன்று நாள் தொங்கி மக்கு வாடை பிடித்துவிடும். 200 முதல் 400 வரையுள்ள பருத்தியே போதும்.

நான் இரண்டு பெட்ஷீட்டை இணைத்தே கவர் தைத்துக்கொள்கிறேன். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை அலசிக் காயவைக்கணும், பருத்தி சுருங்கும். (முதல் கவரில் அதைச் செய்யாமல், டூவேயை உள்ளே திணிக்கப் பட்ட பாடு!) உள்மூலை நாலிலும் நாடா வைத்து டூவேயோடு கட்டிவிட்டால் ராத்திரியில் டூவே கவருக்குள்ளே கால்மாட்டுக்கு ஓடாது.