டீஃபால்ட் மதிப்பு கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்

இரண்டு நாளாக ஒரே ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். 50 வரிசை வர வேண்டிய இடத்தில் 10 மட்டுமே வந்தது. எரர் இல்லை, எச்சரிக்கை இல்லை. பேபல் (ஈமாக்ஸ் எடிட்டரின் ஆர்க் மோடில், உரைக்கு நடுவே எழுதிய கோடை அங்கேயே ஓட்டும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கோப்பிலும் இது இருக்கலாம்.

ஈமாக்ஸின் ஆர்க் மோடில் எழுதிய அறிக்கை அது. விளக்கத்துக்கு நடுவே கோட் பிளாக்குகள், ஒன்றின் விடை இன்னொன்றுக்கு உள்ளீடு. 'ஃபில்டர்' என்று ஒரு பைத்தான் பிளாக், அதன் ஹெடரில் (மாறிகளையும் அமைப்புகளையும் எழுதும் தலை வரி) 'என்' (n) என்ற மாறிக்கு என்=10 என்று டீஃபால்ட், அதாவது வேறு மதிப்பு அனுப்பாவிட்டால் எடுத்துக்கொள்வது. கீழே 'ரிப்போர்ட்' பிளாக். அதன் ஹெடரில் லிமிட்=50, அடுத்து டேட்டா=ஃபில்டர்(என்=லிமிட்). இதைப் படிக்கிற யாரும் 50தான் ஃபில்டருக்குப் போகிறது என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் சந்தேகம் ஃபில்டரின் டீஃபால்ட் மேல். நான் அனுப்புவதை ஒதுக்கிவிட்டு அது தன் 10-ஐயே எடுத்துக்கொள்கிறதோ என்று, அதை 7 என்று மாற்றி ஓட்டினேன். அப்போதும் 10 வரிசை! அதாவது டீஃபால்ட் ஒழுங்காக விலகி நிற்கிறது, 10 வேறு எங்கிருந்தோ வருகிறது. சரி என்று ரிப்போர்ட் பிளாக்கில் கர்சரை வைத்து கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி, வி அழுத்தி, மாறிகளெல்லாம் நிரப்பப்பட்ட முழு கோடையும் விரித்துப் பார்த்தேன். லிமிட்=50 பளிச்சென்று இருந்தது. அதனுடனேயே டேட்டாவில் பத்தே வரிசை.

விஷயம் இதுதான். அடைப்புக்குறிக்குள் இருக்கும் லிமிட், அதே ஹெடரில் நான் அறிவித்த மாறி அல்ல. மேற்கோள் குறி இல்லாத பெயர் வந்தால், பேபல் கோப்பில் அந்தப் பெயர் கொண்ட பிளாக்கையோ டேபிளையோ தேடிப் போகும். பக்கத்திலேயே நிற்கும் லிமிட்=50 அதற்குத் தெரியாது. என் கோப்பின் தொடக்கத்தில் எப்போதோ சோதனைக்கு எழுதிய குட்டி பிளாக் ஒன்று கிடந்தது. அதன் பெயரும் லிமிட். அதன் ஒரே வேலை 10-ஐத் திருப்பித் தருவது. அதன் பெயரை மாற்றி மறுபடி ஓட்டியதும், லிமிட் என்ற குறிப்பு இந்த பஃபரில் (ஈமாக்ஸில் திறந்திருக்கும் கோப்பு) இல்லை என்று எரர் வந்தது. ஒரு எரரைப் பார்த்து அவ்வளவு நிம்மதி அடைந்தது அன்றுதான்.

1984-இல் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் லிட்ரேட் ப்ரோக்ராமிங் பற்றி எழுதியபோது முன்வைத்த யோசனையே, கணினிக்கு உத்தரவு போடுவதைவிட மனிதருக்குப் புரியவைப்பதை முதன்மையாக வைத்து நிரலை எழுத வேண்டும் என்பதுதான். என் ஹெடர் வரி படிக்கிறவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு இயந்திரத்திடம் வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. பெயர் தேடும் விதியைக் குறை சொல்ல மாட்டேன், தனியாகப் பார்த்தால் அது எளிமையான விதி. ஆனால் ஃபங்ஷன் அழைப்பு போலவே தோற்றமளிக்கும் ஒன்றில், ஃபங்ஷனுக்கு உரிய ஸ்கோப் (ஒரு பெயர் செல்லுபடியாகும் எல்லை) இல்லை என்பதை ஆவணங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இதே காரணத்துக்காகத்தான் கோப்பின் தலையில் ப்ராபர்ட்டி வரி (கோப்பு முழுவதற்கும் பொருந்தும் அமைப்பு வரி) போட்டு அங்கே மாறிகளுக்கு டீஃபால்ட் வைக்கும் பழக்கத்தையும் எதிர்க்கிறேன். செஷன் (பிளாக்குகளை ஓட்டும் இன்டர்ப்ரெட்டரை மூடாமல் வைத்திருப்பது), எக்ஸ்போர்ட் போன்ற அமைப்புகளுக்கு அது நல்ல இடம். மாறிகளுக்கு அல்ல. கோப்பு, தலைப்பு, பிளாக் என்று நெருங்க நெருங்க உள்ளதே வெல்லும் என்பது தெரிந்திருந்தாலும், முந்நூறாவது வரியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் முதல் வரிக்கு ஏறிப் போய்ப் பார்க்கப் போவதில்லை. அந்த வரியைத் திருத்திவிட்டு அதன் மேலேயே கண்ட்ரோல்-சி இரண்டு முறை அழுத்தாவிட்டால், பழைய மதிப்பே ஓடிக்கொண்டிருக்கும். செஷன் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம்: ஹெடரிலிருந்து நீக்கிய மாறிகூட இன்டர்ப்ரெட்டரில் உயிரோடு இருக்கும், மறுநாள் புதிதாகத் திறக்கும்போதுதான் குட்டு உடையும். அதனால் யாருக்காவது கோப்பை அனுப்புவதற்கு முன் ஈமாக்ஸை மூடித் திறந்து, முழுவதையும் ஒருமுறை ஓட்டிவிடுகிறேன்.

அப்புறம், என் கோப்பை எப்படிச் சரிசெய்தேன் என்றால், 50-ஐத் திருப்பித் தரும் பிளாக் ஒன்றை ரிப்போர்ட்டுக்கு நேர் மேலே வைத்து, 'ரிப்போர்ட்-லிமிட்' என்று வேறெங்கும் வராத பெயர் கொடுத்தேன். ரிப்போர்ட்டின் லிமிட், ஃபில்டரின் 'என்' (n) இரண்டும் இப்போது அதையே நேரடியாகக் குறிக்கின்றன. பழைய குட்டி பிளாக்கை அழித்துவிட்டேன். 50 வரிசையும் வருகிறது.