புஸ்ஸுன்னு சத்தம் வந்தா பவர் ஏறாதுங்க

"பழைய டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்புற கருவி) காருக்கு காத்த வெளிய விடுற புளோ ஆஃப் வால்வு மாட்டுனா பவர் கூடும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது, தப்பு. அது தொறக்குறதே ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுக்கும்போதுதான், அப்புறம் பவர் எங்கருந்து வரும்? அமெரிக்காவுல வித்த 1990-94 மிட்சுபிஷி எக்லிப்ஸ் டர்போவையே பாருங்க, டர்போவுக்கு முன்னாடியே சென்சார் காத்த அளந்துடும், நீங்க அத வெளிய விட்டாலும் ஈசியூ (இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) அளந்த கணக்குக்கே பெட்ரோல் ஊத்தும், மிக்சர் ரிச்சாகி (காத்துக்கு பெட்ரோல் அதிகமாகி) கியர் மாத்துறப்ப வண்டி திக்கும், சில நேரம் ஆஃபே ஆகிடும். கம்பெனி வால்வு அந்தக் காத்த திரும்ப இன்டேக்குக்கே (இன்ஜின் காத்து இழுக்குற குழாய்க்கே) அனுப்புது. அடுத்த மாடல்ல வந்த பிளாஸ்டிக் வால்வு பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) ஏத்துனா கசியும்னு, அந்த வண்டிக்காரங்களே இந்த 1990-94 வண்டியோட மெட்டல் கம்பெனி வால்வத் தேடி வாங்குறாங்க (சத்தம் வேணும்னா வெளிய விடுற வால்வ மாட்டிக்கங்க, அது உங்க ஆசை). பூஸ்ட் கொறைஞ்சா மொதல்ல இன்டர்கூலர் (டர்போ காத்த குளிர வைக்கிறது) ஹோஸ், கிளாம்ப்ல லீக் இருக்கான்னு பாருங்க.