கை மறக்காது, வரிசை மறக்கும்

நம்மூரில் விமானப்படையில் இருந்தவர் அதை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஏர்லைன் யூனிஃபார்ம் போடுவார். அமெரிக்காவில் இரண்டையும் ஒரே ஆள் ஒரே காலத்தில் செய்வது சாதாரணம். ஏர் நேஷனல் கார்டு, ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ், நேவி ரிசர்வ் என்று ஏதாவது ஒரு பகுதிநேரப் படையில் இருந்துகொண்டே ஏர்லைனில் சம்பளம் வாங்குவார்கள். சில சமயம் மாதத்தில் நாலைந்து நாள் ராணுவப் பணி, சில சமயம் ஆறு மாதம், சில சமயம் தொடர்ந்து மூன்று நாலு வருடம். அப்படிப் போய்விட்டு ஏர்லைனுக்குத் திரும்புகிறவரை மறுபடி எப்படித் தயார்படுத்துகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வேலைக்குத் திரும்பும் உரிமையைச் சட்டம் நன்றாகவே காக்கிறது. காக்பிட்டுக்குத் திரும்பும் தகுதியை அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம் என்பது என் கருத்து.

முதலில் உரிமை. ராணுவப் பணிக்குப் போனவரின் வேலையைக் காக்க 1994-ல் வந்த சட்டத்தை எல்லோரும் சுருக்கமாக யூசெரா (USERRA) என்பார்கள். ஒரே முதலாளியிடம் மொத்தம் ஐந்து வருடம் வரை ராணுவப் பணிக்குப் போய்வரலாம், விதிவிலக்குகள் தனி. பணி 30 நாளோ அதற்குக் குறைவோ என்றால் வீடு வந்து சேர்ந்து 8 மணி நேரம் ஓய்வு, அதற்கடுத்த வேலை முறைக்கே ஆஜராக வேண்டும். 31 முதல் 180 நாள் என்றால் 14 நாளுக்குள் விண்ணப்பம். 180 நாளைத் தாண்டினால் 90 நாள் அவகாசம். மறுபயிற்சிச் செலவு முழுக்க நிறுவனத்தின் தலையில். எந்த விமானம், எந்த இருக்கை என்பதை முடிவுசெய்யும் சீனியாரிட்டி எண் நீங்கள் இல்லாத காலத்திலும் ஏறிக்கொண்டே இருக்கும். எஸ்கலேட்டரில் நின்ற ஆள் இறங்கிப் போனாலும் படி நிற்பதில்லை என்று 1946-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன உவமைதான் இதற்கு அடிப்படை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. போயிங் 737-ல் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருந்து போனவர் நாலு வருடம் கழித்து வரும்போது, அவருடைய எண்ணுக்கு ஏர்பஸ் A321 கேப்டன் இருக்கை கிடைக்கும் நிலை வந்திருக்கலாம். அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் நாலு வருட இடைவெளி, புது விமானம், புது இருக்கை மூன்றையும் ஒரே மூட்டையாகத் தலையில் ஏற்றுவது நல்லதல்ல. பழைய இருக்கையில் மூன்று மாதம் பறந்துவிட்டுப் பிறகு மாறுவதே என் சிபாரிசு. கேப்டனுக்குரிய சம்பளத்தையும் தேதியையும் விட்டுக்கொடுக்காமல் இதைப் பேசி முடிக்க முடியும், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி தகுதி. அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் ஏர்லைன்களுக்கான பகுதியான பார்ட் 121 என்ன கேட்கிறது? கடைசி 90 நாளில் அந்த விமான வகையில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங். அது விட்டுப்போனால் செக் ஏர்மேன் (மற்ற விமானிகளைச் சோதிக்கும் தகுதி பெற்ற விமானி) கண்காணிப்பில் மறுபடி மூன்று. அதில் ஒரு டேக்-ஆஃபில் முக்கியமான எஞ்சின் செயலிழந்ததாகப் பாவனை இருக்க வேண்டும்; ஒரு லேண்டிங், நிறுவனத்துக்கு அனுமதித்த மிகக் குறைந்த ஐ.எல்.எஸ். (ரேடியோ சமிக்ஞை வழிகாட்ட இறங்கும் முறை) வரம்பு வரை இறங்கி வர வேண்டும். ஒன்று ஓடுபாதையில் முழுதாக நிற்க வேண்டும். சிமுலேட்டரில் ஒரே அமர்வில் முடிந்துவிடும். இதற்கு மேல் கேப்டனுக்கு 12 மாதத்துக்கொரு திறன் தேர்வு, இடையில் ஆறு மாதத்துக்கொரு தேர்வோ சிமுலேட்டர் பயிற்சியோ, நிஜப் பயணத்தில் வருடாந்திர சோதனையான லைன் செக். இவை காலாவதியானால்தான் நிஜமான மறுதகுதிப் பயிற்சி தொடங்கும். எத்தனை மாதம் விலகியிருந்தால் எத்தனை நாள் பயிற்சி என்ற அட்டவணை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஆக, மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் போட்டுவிட்டுப் போய், அதிலிருந்து 88-வது நாள் திரும்புகிறவருக்குச் சட்டப்படி ஒன்றும் வேண்டாம். நேராக விமானத்துக்குப் போகலாம். மூன்று வருடம் கழித்து வருகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். 88 நாள்காரரை யாரும் கவனிப்பதில்லை. இப்படியே வருடம் முழுக்கத் துண்டு துண்டாகப் போய்வருகிறவர்தான் உண்மையில் பழக்கம் மெலிந்த நிலையில் பறக்கிறார்.

எது மறக்கும்? பொதுவாக எல்லோரும் பயப்படுவது கைத்திறனை நினைத்து. வி-ஒன் வேகத்தில் (அதைத் தாண்டினால் டேக்-ஆஃபைக் கைவிட முடியாது) எஞ்சின் போனால் காலால் ரடரைச் சரியாக மிதிப்பேனா, பக்கக்காற்றில் இறக்குவேனா என்று. அது இரண்டாவது முயற்சியிலேயே திரும்பிவிடும். 2014-ல் நாசா ஆய்வாளர்கள் 747-400 சிமுலேட்டரில் 16 ஏர்லைன் விமானிகளை வைத்துப் பார்த்ததும் இதையே சொன்னது: கண்ணும் கையும் சேர்ந்த திறன் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை, வரைபடத் திரை இல்லாமல் தான் எங்கே இருக்கிறேன் என்று மனதில் வைத்திருப்பது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வரிசையை ஓட்டுவது, கருவி தவறுவதைக் கண்டுபிடிப்பது, இவைதான் ஆட்டம் கண்டன. கைப்பழக்கம் வேறு, நாப்பழக்கம் வேறு என்று நம்மவர்கள் பிரித்ததுபோல. காக்பிட்டில் நாப்பழக்கம் என்றால் கால்-அவுட், அதாவது பார்ப்பதையும் செய்வதையும் வாய்விட்டு அறிவிப்பது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஏர்பஸ் A320-ல் கோ-அரவுண்ட், அதாவது தரையிறங்காமல் மறுபடி மேலே ஏறுவது. எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ரஸ்ட் லீவரை, முழு சக்திக்கான டோகா என்ற பள்ளம் வரை முழுக்கத் தள்ள வேண்டும், மூக்கைத் தூக்க வேண்டும், இறக்கையிலிருந்து நீளும் ஃபிளாப்பை ஒரு படி உள்ளே எடுக்க வேண்டும், திரையின் தலையில் கணினியின் எந்த மோட் (செயல்நிலை) வந்திருக்கிறது என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும், விமானம் ஏறுவது உறுதியானதும் சக்கரத்தை எடுக்க வேண்டும். நீண்ட நாள் விட்டு வந்தவர் லீவரைத் தள்ளுவார், ஆனால் டோகாவுக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுவார். எஞ்சின் சத்தம் கூடும், எல்லாம் சரியாகத் தோன்றும். கணினி இன்னும் இறங்கும் மோடிலேயே இருக்கும். மோடைப் படிக்காமல் விட்டால் தெரியவே தெரியாது. 2007 ஜூலையில் மெல்பர்னில் ஒரு A320 இதே தவறால் தரைக்கு 38 அடி வரை வந்துவிட்டு ஏறியது. அங்கே காரணம் விடுப்பு அல்ல. மோடைச் சரிபார்க்கும் கட்டத்தை நடைமுறையில் பின்னால் தள்ளியிருந்தார்கள். வரிசையில் ஒரு கண்ணி இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே போதும்.

ராணுவத்தில் என்ன ஓட்டினார் என்பதும் முக்கியம், இதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை. விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குகிறவர் கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மெத்தென்று வைக்கப் பழகியவர் அல்ல. அதே சாய்வில் வந்து தளத்தில் அறைவதுதான் அங்கே சரியான முறை. பயணிகள் முதுகுக்கு அது ஒத்துவராது! ஒற்றை இருக்கைப் போர்விமானத்திலிருந்து வருகிறவர் வேறு மாதிரி: ஓட்டுவது பிரமாதமாக இருக்கும், பக்கத்தில் ஒருவர் இருப்பதே நினைவில் இருக்காது. தானே லீவரைத் தொட்டு, தானே ரேடியோவில் பேசி, தானே ஃபிளாப்பைப் போட்டுவிடுவார். அலுவலகப் பணிக்குப் போனவர் பறக்கவே இல்லை, ஆனால் தவறான பழக்கமும் ஒட்டவில்லை. இந்த மூவருக்கும் ஒரே பாடத்திட்டம் கொடுப்பது சோம்பேறித்தனம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? ராணுவ உத்தரவு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே பயிற்சி அட்டவணைப் பிரிவுக்கு எழுதிவிடுங்கள். சிமுலேட்டர் வரிசை நீளமானது. இடம் இல்லை என்று வேலையில் சேர்ப்பதையே தள்ளிப்போடுவது சட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது. சேர்த்துக்கொண்டு, பிறகு பயிற்சிக்குக் காத்திருக்க வைக்கலாம். முதல் வகுப்பு மருத்துவச் சான்று 40 வயதுக்குக் கீழே 12 மாதம், 40 ஆனால் ஆறே மாதம். ராணுவத்தில் எடுத்த உடல் பரிசோதனை அதற்கு ஈடாகாது. பாதிப் பேர் கடைசி வாரத்தில் தடுக்கி விழுவது இங்கேதான். விமான நிலைய அடையாள அட்டை, பாஸ்போர்ட், ஆபத்தான சரக்குப் பயிற்சி (24 மாதத்துக்கொரு முறை), இவற்றின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதுங்கள். இல்லாத காலத்தில் கையேட்டில் என்ன மாறியது என்ற சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 2018-ல் போய் 2021-ல் வந்த 737 விமானிக்கு மேக்ஸ் விமானத்துக்கான தனி சிமுலேட்டர் பயிற்சி, 2019 மார்ச்சிலிருந்து கட்டாயமான ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), நிலைகுலைவு மீட்புப் பயிற்சி எல்லாம் புதிது. பழைய மனப்பாடம் அவருக்கு உதவியதைவிட இடைஞ்சல் செய்தது அதிகம்.

அடுத்து, காகித காக்பிட். பேனல் படத்தைச் சுவரில் ஒட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு வாரம் தினமும் அரை மணி. ஒவ்வொரு ஸ்விட்சையும் விரலால் தொட்டு, கால்-அவுட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொல்வது கணக்கில் வராது. வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சிமுலேட்டர் அமர்வு வழக்கமாக நாலு மணி நேரம், ஆளுக்கு இரண்டு மணி ஓட்டுவது. பயிற்றுநர்கள் செய்யும் பெரிய தவறு முதல் அரை மணியிலேயே எஞ்சினை நிறுத்துவது. முதல் அமர்வில் ஒரு கோளாறும் வேண்டாம் என்பேன். புறப்படும் கேட்டிலிருந்து சேரும் கேட் வரை சாதாரணமாக இரண்டு பயணம். சாதாரணமானதுதான் மறந்திருக்கிறது. எஞ்சின் கோளாறெல்லாம் இரண்டாவது அமர்வில். மூன்றாவதில் தரையிறங்க 15 மைல் இருக்கும்போது ஓடுபாதையை மாற்றிக் கொடுங்கள். புது ஓடுபாதைக்கான இறங்கு பாதையைக் கணினியில் ஏற்றி, குறைந்தபட்ச உயரத்தை மாற்றி, கோ-அரவுண்ட் உயரத்தைச் சரிபார்த்து, அதற்குள் வேகத்தையும் ஃபிளாப்பையும் விடாமல் பார்த்துக்கொள்கிறாரா? அல்லது "நேரம் வேண்டும்" என்று கட்டுப்பாட்டு அறையிடம் கேட்கிறாரா? இரண்டில் எதுவானாலும் அவர் தயார். தலையைக் குனிந்து பட்டன் தட்டிக்கொண்டே ஓடுபாதையை நோக்கி இறங்கினால் இன்னொரு அமர்வு வேண்டும்.

அந்த இன்னொரு அமர்வைக் கேட்க விமானிகள் கூச்சப்படுகிறார்கள். கேட்டால் சான்றிதழில் கறுப்புப் புள்ளி விழும் என்று பயம். தேர்வில் தோற்றால் அது பைலட் ரெக்கார்ட்ஸ் டேட்டாபேஸ் என்ற அரசுப் பதிவேட்டில் போய் உட்காரும். தேர்வுக்கு முன்னால் கூடுதல் பயிற்சி கேட்பதே மலிவு.

இப்போது என் முக்கியமான குறைக்கு வருகிறேன். புது விமானிகளை ஜோடி சேர்ப்பதற்கு விதி இருக்கிறது: இருவரில் ஒருவருக்காவது அந்த வகையில் 75 மணி நேரம் இருக்க வேண்டும். 100 மணிக்குக் குறைந்த ஃபர்ஸ்ட் ஆபீசர், செக் ஏர்மேன் அல்லாத கேப்டனோடு பறக்கும்போது, 15 நாட் (மணிக்குக் கடல் மைல்) வேகத்தைத் தாண்டிய பக்கக்காற்றிலோ வழுக்கும் ஓடுபாதையிலோ டேக்-ஆஃபும் லேண்டிங்கும் செய்யக்கூடாது. கேப்டனாக 100 மணி முடிக்காதவருக்கு லேண்டிங்குக்கான குறைந்தபட்ச உயரம் 100 அடியும் பார்வைத் தூரம் அரை மைலும் கூடும். நல்ல விதிகள். ஆனால் எல்லாமே மொத்த மணி நேரத்தை எண்ணுகின்றன, அந்த மணிகள் எப்போது பறந்தவை என்று கேட்பதில்லை. நாலு வருடம் முன்பு 2,000 மணி பறந்தவர் இந்த விதிகளின் கண்ணில் புதியவரே அல்ல. இப்படித் திரும்பி வந்து மறுதகுதிப் பயிற்சியை நேற்று முடித்த இருவரை இன்று ஒரே காக்பிட்டில் போட்டாலும் மென்பொருள் சிவப்பு காட்டாது.

2020 செப்டம்பரில் இந்தோனேசியாவின் மேடானில் ஒரு A330 தரையிறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகியது. கொரோனா ஊரடங்கு காலம். கேப்டன் அதற்கு முந்தைய 90 நாளில் மூன்று மணி நேரம்கூடப் பறக்கவில்லை. ஃபர்ஸ்ட் ஆபீசர் பிப்ரவரி தொடக்கத்துக்குப் பிறகு பறக்கவே இல்லை. விலகியதற்கு இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒரு ஜோடி அந்த இருக்கைகளில் உட்கார வழி இருந்ததே, அது போதும் கவலைப்பட.

இதைச் சரிசெய்ய அரசு விதி மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 60 நாளுக்கு மேல் விலகியிருந்தவர் என்று க்ரூ அட்டவணை மென்பொருளில் ஒரு குறி, அடுத்த 60 நாளுக்கு இரண்டு குறி ஒன்று சேராமல் தடை. முதல் மாதம் நள்ளிரவுப் பயணம் வேண்டாம். செக் ஏர்மேனோடு நாலு பயணம், அதில் இரண்டு, ஓட்டாமல் கண்காணிக்கும் விமானியாக. ஓட்டுவதைவிடக் கண்காணிப்பதுதான் முதலில் மங்குகிறது. அட்டவணைப் பிரிவுக்குத் தலைவலி என்பார்கள். தலைவலிதான், சந்தேகமில்லை.

ராணுவத்திலிருந்து வருகிறவர்களை மட்டும் தனியாகப் பிரிப்பது யூசெராவுக்கு முரண் என்ற வாதம் வரும். சரியான வாதம். அதனால்தான் குறி காரணத்தைப் பார்க்கக்கூடாது, இடைவெளியை மட்டும் பார்க்க வேண்டும் என்கிறேன். பிரசவ விடுப்பு, அறுவை சிகிச்சை, ஆட்குறைப்பு, ராணுவம், சங்க வேலை, எல்லாவற்றுக்கும் ஒரே தராசு.

மென்பொருள் மாறும்வரை ஒரு காசு செலவில்லாத வழி இருக்கிறது. புறப்படுமுன் நடக்கும் பேச்சில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்: "ஏழு மாதம் கழித்து இது என் மூன்றாவது பயணம். நான் மோடைப் படிக்காவிட்டால் நீங்கள் படியுங்கள். கோ-அரவுண்ட் வரிசையை இப்போதே ஒரு தடவை இருவரும் சொல்லிப் பார்த்துவிடுவோம்." 30 நொடி ஆகும்.